வக்காலத்தும் வாணிகமும்

நீதிமன்ற வளாகத்தில் வழங்கும் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போமானால், அத்தாளிற் பெரும்பகுதி அரபு மொழியாக இருக்கக் காண்போம். தாவா, வாய்தா, ஜாமீன், ஆஜர், அசல், நகல், ரத்து, ஜப்தி, மகஜர், முனிசீப் ஆகிய யாவும் அரபு வேர்களினின்று கிளைத்துப் பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் வந்து நம் நாட்டில் குடியேறியவை. குடியேறிய இடத்தில் சில சொற்கள் தம் நிறம் மாறிவிட்டன. 'வாய்தா' என்பது வாக்குறுதி எனப் பொருள்படும் 'வஃதா' என்னும் சொல்லே. இன்று அது வாக்குறுதி தள்ளிப்போவதற்குப் பெயராக நிற்கின்றது. 'அமீனா'வின் கதி இன்னும் இரங்கத்தக்கது. நம்பிக்கைக்குரியவர் என்பது அதன் பொருள். நுபுவ்வத்துக்கு முன்னரே மக்கத்து மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மனமுவந்து சூட்டிய பெயர் அல்அமீன். நம்மூரிலோ அமீனா வருகிறார் என்று கேட்டவுடனே அண்டா குண்டாக்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்!

இச்சொற்களுள் நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது 'வக்கீல்' என்பதையும் 'வக்காலத்து' என்பதையுமே. தம்மால் ஆற்ற இயலாத, அல்லது தாமே நேர்நின்று ஆற்ற விரும்பாத ஒரு காரியத்தை மனிதர் யாரிடம் ஒப்படைத்து ஆறுதல் கொள்கின்றாரோ, அவர் வகீல். ஒப்படைப்பவர் முவக்கில். ஒப்படைத்தல் வகாலத். இறைவன் மீது பாரத்தை இறக்கி வைத்து நிற்கும் 'தவக்குல்' என்ற நிலையும் இதே வேரில் முளைத்ததாகும். 'அல்வகீல்' என்பது அவனுடைய அழகிய திருநாமங்களுள் ஒன்று. இத்துணை உயர்குடியிற் பிறந்த சொல்லை இன்று கறுப்பு அங்கி அணிந்தோர் தாங்கி நிற்கின்றனர். அதன் குடிப்பிறப்பை அவர்கள் மறவாதிருக்க வேண்டுமென நாம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

இதனை இப்போது எழுத வேண்டிய தேவை யாதெனில், அத்தொழிலின் உருவமே நம் கண்முன் மாறிக்கொண்டிருக்கின்றது. நியூயார்க், லண்டன் முதலிய மாநகரங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வழக்கறிஞர்களைக் கொண்ட நிறுவனங்கள் பல இயங்குகின்றன. சட்டம் படித்தோருடன் சட்டமே படியாத வேறொரு கூட்டத்தாரும் அங்கே ஊதியம் பெறுகின்றனர். புதிய கட்சிக்காரர்களைக் கொணர்வதும், வந்தவர் வேறிடம் போய்விடாமற் காப்பதுமே அவர்தம் பணி. காலையில் ஓர் அரசு புதிய வரிச்சட்டம் இயற்றுமாயின், மாலைக்குள் அதன் விளக்கம் கட்சிக்காரர் யாவர்க்கும் மடலாகப் போய்ச் சேர்கின்றது. எங்கேனும் போர் மூண்டு வாணிபத் தடை விதிக்கப்பட்டால், மறுவாரமே அதுபற்றிக் கருத்தரங்கு நடைபெறுகின்றது. மடலிலுள்ள விளக்கம் பெரும்பாலும் செம்மையானது, பயனுடையது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நாட்டு நடப்பே அங்குத் தூண்டிற்புழுவாகவும் பயன்படுகின்றது என்பதை அதை அனுப்புவோரும் மறுக்கமாட்டார். இந்தியாவின் பெருநகர்களிலும் இம்முறை வேரூன்றி வருகின்றது. பிறருடைய உரிமையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஒருவர், அவ்வுரிமையைத் தம் கைக்கு வரவழைப்பதற்காக அங்காடியில் இறங்கிக் கூவலாமா? அவர் செய்வது வாணிகந்தானா? நம் முன்னுள்ள கேள்வி இது.

தமிழ் இக்கேள்விக்குத் தன் பாங்கில் விடை சொல்லி வைத்திருக்கின்றது. கடைக்கு வருபவர் வாடிக்கையாளர். வக்கீலிடம் வருபவர் கட்சிக்காரர். முன்னவர்க்கு உள்ளது வரும் வழக்கம் மட்டுமே. பின்னவர்க்கோ உரிமை கோரும் ஒரு பக்கம் இருக்கின்றது. அந்தப் பக்கத்தில் வக்கீலும் போய் நிற்க வேண்டியிருக்கின்றது. இவ்வேற்றுமையைச் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டது. 2024 மே 14 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரின் தொழிற்பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்காது எனத் தீர்ப்பளித்தது. ஏனைய சேவைகளோடு ஒப்பவைக்க இயலாத தனித்தன்மை வாய்ந்தது இத்தொழில் என்பதும், வழக்கை நடத்துவதிற் கட்சிக்காரர்க்கே நேரடிக் கட்டுப்பாடு உண்டு என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகள். வக்கீல்கள் அன்று மகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் வாணிகர்க்குரிய பொறுப்பினின்று விடுபட்டவர், வாணிகர்க்குரிய கூவலையும் விட்டுவிட வேண்டுமன்றோ? இலாபத்தின் பொருட்டு வணிகராகவும், பிழை நேரும்போது வகீலாகவும் தோன்றுவது ஒரு கண்ணுக்கு மட்டும் சுருமா இடுவது போன்றது.

ஃபிக்ஹு நூல்கள் வகீலின் கையை 'அமானிதக் கை' என்று அழைக்கின்றன. அவருடைய அசட்டையாலோ வரம்பு மீறலாலோ அன்றி, தற்செயலாய் நேரும் இழப்புக்கு அவர் பொறுப்பாகமாட்டார்; அதே வேளையில், ஒப்படைக்கப்பட்ட எல்லையினின்று ஓர் அடியும் அவர் தம் விருப்பம்போல் எடுத்து வைக்க முடியாது. கூலி பெற்று வகாலத்துச் செய்வதையும் நம் இமாம்கள் தடுக்கவில்லை. வக்கீல் பணம் வாங்குவதே பாவம் எனப் பேசுவோர் சிலர் நம்மிடையே உளர். அவர்கள் மார்க்கத்தை அறிந்து பேசுகின்றனர் எனச் சொல்வதற்கில்லை. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் வழக்காடும் அவைக்குத் தாமே செல்வதை விரும்பாமல், தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர்கள் முதுமையடைந்த பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களையும் தமக்கு வகீலாக அனுப்பி வந்தார்கள் என்பது அறிவிப்புகளிற் காணப்படுகின்றது. வீரத்திற் சிங்கமும் அறிவின் வாசலுமான அலீ (ரலி) அவர்களே வழக்குமன்றத்திற்கு வகீலை அனுப்பினார்கள் என்றால், ஏனையோரைப் பற்றிக் கேட்பானேன்!

இவ்விடத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் ஒரு கருத்து நம் சிந்தனைக்கு உரியது. நோயாளியாகவோ மூன்று நாள் பயணத் தொலைவில் உள்ளவராகவோ இருந்தாலன்றி, எதிரியின் இசைவில்லாமல் ஒருவர் வழக்காட வகீலை நியமித்தல் ஆகாது என்பது அவர்கள் கொண்ட முடிவு. மாணவர்களான இமாம் அபூயூசுப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவருமே இதில் ஆசிரியரோடு மாறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபும் எதிரியின் இசைவு வேண்டுவதில்லை எனவே கூறும். ஆயினும் பேரிமாம் அவர்கள் காட்டிய காரணம் இன்றும் உயிருடன் இருக்கின்றது. வழக்காடும் திறனில் மனிதர் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர். நாவன்மை மிக்க ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் எதிரே நிற்கும் எளியவர் நசுங்கிவிடக்கூடும். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள். அரசனும் தானே விடை சொன்னான். இருபுறமும் வக்கீல்கள் நின்றிருந்தால் சிலம்பு உடைபட்டிருக்குமா, வாய்தா வாங்கப்பட்டிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நாவன்மையைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அன்னை உம்முஸலமா (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ளது. ஒருவரின் வாதத் திறமையைக் கேட்டு, மற்றவர்க்குரிய உரிமையை அவர்க்கே தாம் தீர்ப்பளித்துவிட்டாலும், அவர் பெற்றுச் செல்வது நெருப்பின் ஒரு துண்டே என்பது அதன் கருத்து. திருமறையின் அந்நிஸா அத்தியாயமோ, மோசக்காரருக்காக வாதாடுபவராக ஆகவேண்டாம் எனப் பெருமானாரையே நோக்கிக் கூறிவிட்டு, மறுமையில் அவர்களுக்காக வாதாடுபவர் யார், அவர்களுக்கு வகீலாவார் யார் என்று கேட்கின்றது. அந்த 'வகீல்' என்ற சொல்லை ஒரு வக்கீல் குர்ஆனில் ஓதக் கேட்கும்போது என்ன நினைப்பாரென நாம் அறியோம்.

இனி, கூவி அழைக்கும் பிரச்சினைக்கு வருவோம். நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின் கீழ் இந்திய வழக்கறிஞர் கழகம் வகுத்த விதிகளுள் 36-ஆவது விதி இதுபற்றியது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், நேர்முகம் ஆகிய எவ்வழியிலும் வழக்குத் தேடலாகாது. பெயர்ப்பலகையும் அளவோடு இருத்தல் வேண்டும் என்கின்றது அவ்விதி. 2008-இல் இதனைச் சிறிது தளர்த்தினார்கள். பெயர், முகவரி, பதிவெண், படிப்பு, பயிற்சியுள்ள துறை ஆகியவற்றை மட்டும் இணையத்தில் வெளியிடலாம் என்றாயிற்று. தரகரைப் பற்றிய அச்சம் இன்னும் பழையது. வெள்ளையர் காலத்து 1879-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே நீதிமன்றத் தரகர்களின் பட்டியலை வெளியிடும் அதிகாரம் இடம்பெற்றது. அச்சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியபோதும், தரகர் பற்றிய பகுதியை மாத்திரம் எடுத்து வழக்கறிஞர் சட்டத்துள் பொதிந்து வைத்தது. ஒன்றரை நூற்றாண்டாகியும் தரகர் ஒழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1970-களில் ஒரு வழக்கு ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு வரை சென்றது. பம்பாயில் குற்றவியல் நீதிமன்ற வாசலில் வக்கீல்கள் சிலர் நின்றுகொண்டு, வருவோர் போவோரை மொய்த்து, தாள்களைப் பறித்து, ஒருவரைவிட ஒருவர் கூலியைக் குறைத்துக் கூறிக் கட்சிக்காரர்களை இழுத்தனர் என்பது குற்றச்சாட்டு. பேருந்து நிலையத்தில் நாம் காணும் காட்சியே நீதி வாசலிலும்! அண்மையில், 2024 ஜூலை 3 அன்று, சென்னை உயர்நீதிமன்றமும் இதையே வேறு உருவில் காண நேர்ந்தது. வக்கீல்களை விலைப்பட்டியலோடும் தரமதிப்போடும் காட்டிச் சேவை விற்கும் இணையத் தளங்கள் மீதும், அவற்றின் வழியே வழக்குத் தேடும் வக்கீல்கள் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு வழக்கறிஞர் கழகத்துக்கு ஆணையிட்டது. வாசல்தான் மாறியிருக்கின்றது.

மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு இளம் வக்கீல்கள் இருவர் நாளிதழில் ஒரு விளம்பரம் தந்தனர். எதிர்ப்பில்லாத மணவிலக்கு வழக்குக்கு 175 டாலரும் நீதிமன்றக் கட்டணம் 20 டாலரும் என்று கூலியை வெளிப்படையாக அச்சிட்டதே அவர்கள் செய்த 'குற்றம்'. தண்டனை பெற்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சென்றனர். 1977-இல் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் அவர்கள் வென்றனர். விளம்பரத்தை அறவே தடுப்பது, வக்கீலை எங்கே காண்பது, என்ன செலவாகும் என்று தெரியாத எளிய மக்களையே வதைக்கின்றது என்பது பெரும்பான்மையினரின் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நம் நாட்டு விதியால் உண்மையில் வாழ்பவர் யாவர்? தந்தையும் பாட்டனும் வக்கீலாய் இருந்தவர்க்கு விளம்பரம் எதற்கு? அவர் பெயரே பலகை. முதன்முதலாகத் தம் குடியில் சட்டம் படித்து வந்த இளைஞர், அவர் நம் சமுதாயத்துப் பிள்ளையாயினும் வேறு எச்சமுதாயத்துப் பிள்ளையாயினும், மரத்தடியில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றார். அவரைப் பார்த்து, 'கூவாதே, அது கண்ணியமன்று' எனச் சொல்வது வயிறு நிறைந்தவரின் உபதேசமாகிவிடக்கூடும்.

மார்க்கம் இதில் ஒரு நுண்ணிய கோடு கிழித்துக் காட்டுகின்றது என்பது நம் எண்ணம். பதவியைத் தாமே கேட்டு வருவோர்க்கு அதை வழங்குவதில்லை என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடைமுறை. பிறர் உரிமையைச் சுமப்பது பாரம். பாரத்தை ஆவலோடு தேடி வருபவர் அதன் கனத்தை அறியாதவர், அல்லது அதில் தமக்குள்ள ஆதாயத்தை மட்டும் அறிந்தவர். ஆனால் அதே மார்க்கத்தின் திருமறையில் நபி யூசுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னனை நோக்கி, நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாமே கேட்கின்றார்கள். தாம் காப்பவர், அறிந்தவர் எனத் தம் தகுதியையும் எடுத்துரைக்கின்றார்கள். முஃபஸ்ஸிர்கள் இரண்டையும் பொருத்தியே விளக்குவர். பஞ்சம் வரவிருக்கின்றது, செய்யத் தக்கவர் வேறெவருமில்லை, கேட்பவர் தம் நலனுக்காகக் கேட்கவில்லை என்ற நிலையில் தகுதியை அறிவிப்பது குற்றமாகாது. அவ்வறிவிப்பில் இருந்தவை இரண்டே சொற்கள். காப்பேன், அறிவேன். 'வெற்றி உறுதி' என்றோ 'கூலியில் தள்ளுபடி' என்றோ யூசுப் (அலை) அவர்கள் கூறவில்லை! ஆதலின், இளம் வக்கீல் தம் பெயரையும் தாம் பயின்ற துறையையும், அரிசோனா இளைஞர் செய்ததுபோல் தம் கூலியையுங்கூட, உள்ளது உள்ளபடி அறிவிப்பதை நாம் தடை செய்யமாட்டோம். 2008-ஆம் ஆண்டின் தளர்வு இன்னும் சற்று அகலலாம் என்பதே நம் கருத்து.

தகுதியை அறிவிப்பது வேறு, ஆளைத் தேடிப் போய்ப் பிடிப்பது வேறு. பின்னதற்கு ஃபிக்ஹில் ஒரு தனிப்பெயரே உண்டு. கிராமத்திலிருந்து சரக்கேற்றி வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்குள் நுழையுமுன்னரே வழிமறித்துச் சென்று கொள்முதல் செய்வதைத் 'தலக்கிர் ருக்பான்' என்பர். நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். சந்தை விலை அறியாதவரை அவருடைய அறியாமை நீங்குமுன் பிடித்துக்கொள்வதே இதிலுள்ள தீங்கு. அப்படி விற்றுவிட்டவர், சந்தையை அடைந்து உண்மை விலை அறிந்தபின் பேரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை பெறுகின்றார். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரைவிடச் சந்தை விலை அறியாதவர் யார்?

விளம்பரத்தை அனுமதித்த அமெரிக்க உச்ச நீதிமன்றமே மறு ஆண்டில், 1978-இல், இக்கோட்டைக் கண்டுகொண்டது. ஒஹையோ மாநிலத்தில் வாகன விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் அசையவொண்ணாமற் படுத்திருந்த பதினெட்டு வயதுப் பெண்ணிடம் ஒரு வக்கீல் தாமே தேடிச்சென்று ஒப்பந்தம் வாங்கினார். அவ்வக்கீல் தண்டிக்கப்பட்டது சரியே என்றது நீதிமன்றம். 1995-இல் ஃபுளோரிடா மாநில விதி ஒன்றையும் அது நிலைநிறுத்தியது. விபத்து நடந்து 30 நாள் கழியுமுன், பாதிக்கப்பட்டவர்க்கோ அவர்தம் உறவினர்க்கோ வக்கீல்கள் வழக்குக் கோரி மடல் அனுப்பக் கூடாது என்பது அவ்விதி. சந்தைக்கு வந்து சேர முப்பது நாள் தவணை! 'தலக்கிர் ருக்பான்' என்ற சொல்லை அந்நீதிபதிகள் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர்கள் நாட்டு வக்கீல்கள் நம் நாட்டில் நடந்துகொண்ட விதமோ வேறு. 1984 டிசம்பர் 2-3 இரவில் போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையினின்று நச்சுவாயு கசிந்தது. உறங்கியவர் உறங்கியபடியே மாண்டனர். மையித்துகளைக் குளிப்பாட்டவும் அடக்கவும் ஆளில்லாத அந்நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் விமானமேறி வந்திறங்கினர். டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவில் முதல் வழக்குத் தாக்கலாகிவிட்டது. கண் எரிச்சலால் தாளையே பார்க்க முடியாத மக்களிடம், அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத் தாள்களிற் கைநாட்டு வாங்கப்பட்டது. அந்நாட்டில், வழக்கில் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை, மூன்றில் ஒன்று வரையிலும், வக்கீல் கூலியாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இந்திய விதி அத்தகைய பங்கை அடியோடு தடுக்கின்றது. நம் ஷாஃபிஈ நூல்கள், காரியம் முடிந்தால் கூலி என்னும் 'ஜுஆலா'வை அனுமதிப்பினும், அக்கூலி இன்ன தொகை என்று தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. இன்னும் கிடைக்காத, எவ்வளவென்றே அறியாத ஒன்றில் பங்கு பேசுவதை அவை ஏற்பதில்லை.

நியூயார்க் நீதிமன்றத்தில் ஏறத்தாழ 145 வழக்குகள் ஒன்றாகத் திரட்டப்பட்டன. இதற்கிடையில் இந்திய அரசு 1985-இல் தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் யாவர்க்கும் தானே வகீல் என அறிவித்துக்கொண்டது. வெளிநாட்டு வக்கீல்களின் பிடியிலிருந்து மக்களை மீட்பதற்கு அது நல்ல வழியே என அன்று பலரும் நம்பினர். 1986-இல் அமெரிக்க நீதிபதி, இவ்வழக்கு இந்தியாவிலேயே நடைபெற வேண்டும் என்று திருப்பிவிட்டார். இந்திய அரசு கேட்ட தொகை 300 கோடி டாலருக்கு மேல். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் திடீரென முடிந்தது. தொகை 47 கோடி டாலர். யாருடைய நுரையீரல் எரிந்ததோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. காயமுற்றோரில் மிகப் பெரும்பாலோர்க்கு முதலிற் கிடைத்தது ஆளுக்கு 25,000 ரூபாய்.

வழக்காட நியமிக்கப்பட்ட வகீலுக்குச் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் உண்டா? நம் ஃபிக்ஹு நூல்கள் இக்கேள்விக்கு ஐயத்துக்கிடமின்றி விடை தருகின்றன. 'வகீல் பில் குசூமா', அதாவது வழக்குக்கான வகீல், முவக்கிலின் வெளிப்படையான அனுமதியின்றி 'ஸுல்ஹு' செய்ய முடியாது. எதிரியின் கடனைத் தள்ளிவிடவும் முடியாது. வாதாடச் சொன்னது உரிமையைப் பெற்றுத் தரவே அன்றி, அதனை விட்டுக்கொடுக்க அன்று. உச்ச நீதிமன்றம் 1989 டிசம்பரில் அத்தனிச்சட்டம் செல்லும் என்றபோதும், பாதிக்கப்பட்டோரைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது. பின்னர் மறுஆய்வில் கேட்டால் போதும் என அமைதி கூறியது. விற்ற பிறகு உடையவரைக் கேட்பது போன்றது அது. 2015-இல் வேறொரு வழக்கில், கட்சிக்காரரின் தெளிவான அனுமதியின்றி வக்கீல் அவர் உரிமையைப் பாதிக்கும் சமரசத்திலோ ஒப்புதலிலோ ஈடுபடலாகாது என்று அதே நீதிமன்றம் உரைத்தபோது, நம் பழைய கிதாபுகளின் குரலையே கேட்பது போலிருந்தது. போபால் மக்களுக்கு அது பயன்படவில்லை. கூடுதல் இழப்பீடு கோரி அரசு தாக்கல் செய்த மனுவும் 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடியாயிற்று. வகீலாய் நின்ற அரசு, முன்னர் எடுப்பதாக ஒப்புக்கொண்ட காப்பீட்டையே எடுக்காமல் விட்டிருந்தது என்பதும் அன்று வெளிப்பட்டது.

ஆக, வக்கீல் அங்காடிக்கு வந்தாலும் தீங்கு, அரசே வகீலானாலும் தீங்கு என்றாயிற்றா? அப்படியன்று. இரண்டிலும் நேர்ந்த குறை ஒன்றே. முவக்கிலை முவக்கிலாக எவரும் பார்க்கவில்லை. ஒருவர் அவரைப் பங்காகப் பார்த்தார். மற்றவர் அவரைச் சுமையாகப் பார்த்தார்.

இங்கே ஒரு சிறு மஸ்அலாவை இடையிற் சொல்லிச் செல்வது நம் போன்ற மத்ரஸாக்காரர்களுக்கு இன்பம் தருவது. கூலி கொடுபடும்வரை வேலைக்காரர் பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாமா? ஹனஃபி நூல்கள் சொல்லும் விடை அழகானது. சாயக்காரர் நிறுத்தி வைக்கலாம். ஏனெனில் அவர் உழைப்பு துணியிற் படிந்திருக்கின்றது. சுமைகூலி நிறுத்தி வைக்க முடியாது. அவர் உழைப்பு மூட்டையில் எந்த அடையாளத்தையும் விடவில்லை. வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வக்கீல், சாயக்காரரா சுமைகூலியா? ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைக் கொடுக்க மறுத்த ஒரு வக்கீலின் வழக்கில், அவர்க்கு அவ்வுரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கூலிக்கு வேறு வழியில் வழக்காடலாம், கட்டோ கட்சிக்காரருடையது. 'நான் எழுதிய மனுக்களில் என் சாயம் படிந்திருக்கின்றதே' என அவர் நம் நூலைக் காட்டி வாதாடியிருந்தால் நாம் சற்றுத் திகைத்திருப்போம். ஆயினும் சாயத் துணி தாமதமானால் பெருநாளைக்குப் பழந்துணி உடுத்திக்கொள்ளலாம். கட்டுத் தாமதமானால் வீடு போய்விடும்.

அங்காடி முறை வளர்ந்து முற்றிய இடத்தில் என்ன நேரும் என்பதை 2025-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப், தமக்கு எதிரானோர்க்காக முன்னர் வாதாடிய பெரும் வழக்கறிஞர் நிறுவனங்கள் சிலவற்றின் மீது ஆணைகள் பிறப்பித்தார். அரசு அலுவலகங்களில் நுழையக் கட்டுப்பாடு, இரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதி நிறுத்தம், அவற்றின் கட்சிக்காரர்களான அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு நெருக்கடி எனத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. பெர்க்கின்ஸ் கூயி முதலான நான்கு நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. முதல்நிலை நீதிபதிகள் நால்வரும் மே, ஜூன் மாதங்களில் அவ்வாணைகளைச் சட்டவிரோதமெனத் தள்ளினர். பால் வைஸ் என்னும் நிறுவனமோ, நான்கு கோடி டாலர் மதிப்புள்ள இலவச சட்டப்பணி செய்வதாக அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்தடுத்து எட்டு நிறுவனங்கள் அவ்வழியே சென்றன; யாவும் சேர்ந்து ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 94 கோடி டாலர் மதிப்புள்ள பணி.

அவ்வுடன்படிக்கைக்குப் பின் அந்நிறுவனத் தலைவர் தம் அலுவலர்க்கு எழுதிய மடலில் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. கட்சிக்காரர்கள் தம்மைவிட்டுப் போய்விடுவர் என அஞ்சினர். போதாக்குறைக்கு, உதவிக்கு வருவர் என நம்பிய பிற நிறுவனங்கள், அந்நேரம் பார்த்துத் தம் கட்சிக்காரர்களையே வலைவீசி இழுக்கத் தலைப்பட்டன என்கின்றார். தொழில் வளர்ச்சிக் கலையில் ஆண்டுக்கணக்காகத் தேர்ந்தவர்கள், தோழர் ஒருவர் அடிபட்டு விழுந்ததும் அவர் கூட்டத்தை வழிமறிக்க ஓடினர். நாம் அந்நிறுவனத்தை மட்டும் கோழை எனச் சொல்லத் துணியவில்லை. பல்லாயிரம் பேர் பிழைப்பு அதனுடன் பிணைந்திருந்தது. எனினும் அரசுக்கு எதிரே தனியனாய் நிற்கும் ஓர் எளிய முவக்கில், நாளை அத்தகைய ஒரு நிறுவனத்தின் கதவைத் தட்டும்போது, கதவு திறக்குமுன் உள்ளே எத்தனை கணக்குகள் போடப்படும்! நீதிமன்றம் சென்ற நால்வரும் பெருநிறுவனத்தாரே, அவர்களும் கட்சிக்காரரை இழக்கும் அச்சத்தோடுதான் நின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதலின் பெருமையும் பணமும் மட்டுமே ஒருவரைக் கோழையாக்கிவிடுவதில்லை.

வாணிகம் என்ற சொல்லை நாம் இழிவாகக் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. அண்ணலாரே வணிகராய் இருந்தவர்கள். வள்ளுவர் வணிகர்க்குரிய நெறியைப் பொருளீட்டும் அதிகாரத்தில் வைக்காமல், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது அவர் கருத்து. அந்த வாணிகத்தை வக்கீல்கள் மேற்கொள்வாராயின் நாம் முன்னின்று வாழ்த்துவோம்.

இறுதியாக, நம்மூர் நிலையைச் சிறிது கூறி அமைகின்றோம். வாகன விபத்தில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், மருந்துச் சீட்டுக்கு முன்னே வக்காலத்துத் தாள் நீட்டப்படுவதைக் காணாத ஊர் அரிது. தாளை நீட்டுபவர் பெரும்பாலும் வக்கீல் அல்லர், தரகர். வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே கைநாட்டு வைக்கின்றனர். அவர்களுக்கு வேறு வழி உண்டு என்பதை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவருமில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்கள், காவலில் உள்ளோர், தொழிலாளர், பேரிடரில் பாதிக்கப்பட்டோர், குறைந்த வருமானத்தார் முதலியோர் இலவசமாகவே வக்கீலைப் பெறலாம். மாவட்டந்தோறும் ஆணைக்குழு இருக்கின்றது. ஏழைக்குச் சட்டம் தெரிவிக்கும் கடமையை வக்கீலின் விளம்பரத்துக்கு விட்டுவிடாமல் ஊரார் ஏற்பதே ஃபர்ளு கிஃபாயாவைப் பற்றி ஓதியவர்க்கு அழகு. நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரமும் சந்தாப் பாக்கியும் எழுத இடமிருக்கும்போது, அவ்வலுவலக முகவரிக்கும் ஒரு சாண் இடம் கிடைக்காதா?

அச்சிட்ட வக்காலத்துத் தாள்களில், வக்கீலுக்குத் தரப்படும் அதிகாரங்களை நெருக்கமான எழுத்தில் அடுக்கியிருப்பார்கள். வழக்கை ராஜி செய்துகொள்ளவும், பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் அளிக்கும் வரி பெரும்பாலும் அந்நெருக்கத்தில்தான் இருக்கும். ஜமாஅத்தார் விபத்து வீட்டுக்குச் செல்லும்போது, படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். கட்டைவிரலில் மை படுமுன் அவ்வரியை மட்டுமாவது அப்பிள்ளை அந்த அம்மாளுக்கு நிதானமாகத் தமிழிற் படித்துச் சொல்லட்டும். வேண்டாமென்றால் அடித்துவிட்டுக் கையொப்பமிடவும் சட்டம் இடம் தருகின்றது.